பச்சை ஸ்டிக்கர் மெஷினில் சர்க்கரை தேடிய கதை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பழவேற்காட்டில் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். சான்றிதழ் வாங்க இல்லை. மனு கொடுக்கவும் இல்லை. ஒரு மெஷினைப் பார்க்க!

சிரிக்காதீர்கள். அந்த மெஷின் என்னால் திருந்திய மெஷின். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த அலுவலகத்தின் வெண்டிங் மெஷினைப் பற்றி இதே பக்கத்தில் புலம்பியிருந்தேன். மீன் பிடிக்கிறவர்களும் மீன் விற்கிற பெண்களும் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிற இடம். பட்டனைத் தட்டினால் என்ன விழுகிறது? சிப்ஸ், க்ரீம் பிஸ்கட், கலர் கலராய் சர்க்கரைத் தண்ணீர். 'ஒரு கட்டிடத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுக்கிற அரசாங்கம், அடுத்த கட்டிடத்தில் சர்க்கரையையே விற்கலாமா?' என்று கேட்டிருந்தேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

அதைப் படித்துவிட்டு அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளரே போன் செய்தார். சாந்தி மேடம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் அடுத்து வருகிற போன் வேறு மாதிரி இருக்கும்.

"சார், நீங்க எழுதினப்புறம்தான் பழைய ஃபைலைத் தேடினேன். அரசு கட்டிடத்துல வைக்கிற மெஷினுக்கு விதிமுறையே இருக்கு சார்! இவ்வளவுக்கு மேல சர்க்கரை கூடாது, உப்பு கூடாது, எண்ணெய் கூடாதுன்னு. ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கல. இப்ப எல்லாத்தையும் மாத்திட்டேன். ஒரு நாள் வந்து பாருங்க."

எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன். ஒரு பஸ் ஸ்டாப்பைக்கூட என்னால் நகர்த்த முடிந்ததில்லை. ஒரு மெஷினே மாறியிருக்கிறது என்றால் போகாமல் இருப்பேனா? பொன்னேரியில் பஸ் ஏறிவிட்டேன்.

மாறித்தான் இருந்தது. வறுத்த கடலை, உப்பு குறைத்த சுண்டல், சர்க்கரை போடாத கேழ்வரகு பிஸ்கட், மோர், தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றின் மேலும் வட்டமாய் ஒரு ஸ்டிக்கர். நல்லதுக்குப் பச்சை, அளவோடு சாப்பிட மஞ்சள், கூடாததுக்குச் சிவப்பு. மெஷினில் சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"சிவப்பெல்லாம் என்ன ஆச்சு மேடம்?"

"மூணு அட்டைப்பெட்டி சார். ரெக்கார்டு ரூம்ல போட்டுப் பூட்டியாச்சு. மெஷின் கம்பெனிக்காரங்க வந்து எடுத்துக்கணும்" என்றார், கைதியைப் பற்றிப் பேசுகிற ஜெயிலர் மாதிரி.

நான் மெஷின் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். பல் தெரிய.

கூடத்தில் நல்ல கூட்டம். பாதியில் சர்வர் படுத்துவிட்டது. டோக்கன் நம்பர் இருபத்தொன்பதிலேயே நின்றது. மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. ஐம்பதைத் தொட்ட வயது. மடியில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள்.

"சார், இன்னா நம்பர் ஓடுது?"

"எங்கம்மா ஓடுது? இருபத்தொன்பதுலயே நிக்குது."

"எனக்கு முப்பத்தி நாலு. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னா, அதுக்குள்ள கூப்ட்டுட்டாங்கன்னா இன்னா பண்றதுன்னு பயமா கீது. போன தபா அப்டித்தான் ஆச்சு. அஞ்சு நிமிசம் வெளிய போனேன். ஆள் இல்லைனு எழுதிட்டாங்க."

லைட்ஹவுஸ் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வந்திருந்தார். பெயர் கஸ்தூரி. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஃபைபர் படகு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கொழுந்தன்தான் கடலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறாராம். நடுக்கடலில் நிறுத்திக் காகிதம் கேட்டால், செத்துப்போனவர் பெயரைத்தான் காட்ட வேண்டும். அதை மாற்றத்தான் இது மூன்றாவது நடை.

"டீ வேணாம்னா இதோ மெஷின் இருக்கே. ஏதாவது எடுத்துச் சாப்பிடுங்களேன்" என்றேன். என் மெஷின் அல்லவா!

"அதுல போனை வெச்சுக் காட்டணுமாமே சார். என்கிட்ட கீறது பட்டன் போனு."

நான் வாங்கித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போட்டோவில் கண் மூடியிருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். சாந்தி மேடத்தின் அறையில் பேசிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஒரே சத்தம். ஓடி வந்து பார்த்தால்... கஸ்தூரி நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். உறை கீழே விழுந்து காகிதமெல்லாம் சிதறிக் கிடக்கிறது. தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி முகமெல்லாம் வியர்வை. கை வெடவெடவென்று நடுங்குகிறது. கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

உதடு மட்டும் முணுமுணுத்தது. "சக்கர... சக்கர..."

"சக்கரை கம்ப்ளெய்ன்ட்டாம்பா" என்றது கூட்டம்.

ஒரு ஆட்டோக்காரர் கையில் பாதி குடித்த ஆரஞ்சு கலர் சோடா பாட்டிலோடு முன்னால் வந்தார். "கொஞ்சம் கலர் ஊத்தலாமா? தெம்பா இருக்கும்."

அவரைத் தடுத்தது யார் தெரியுமா? நான்தான்.

"என்னப்பா நீ! சக்கரை இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. சக்கரை இருக்கறவங்களுக்குப் போய் யாராவது கலர் குடுப்பாங்களா?"

கூட்டமும் தலையாட்டியது. ஆட்டோக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரி சார், நீங்க படிச்சவங்க..." என்றவர், மிச்சம் இருந்த கலரை ஒரே மூச்சில் தானே குடித்து முடித்தார்.

நான் குனிந்து காகிதங்களைப் பொறுக்கினேன். நடுவே ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரு சின்ன நோட்டு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தருகிற நோட்டு. சாந்தி மேடம் அதற்குள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அந்த நிலையத்து நர்ஸைப் போனில் பிடித்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊசி போடறவங்களா?" என்றது நர்ஸின் குரல்.

"ஆமாம். நோட்டு இருக்கு. 'சக்கர, சக்கர'ன்னு முணுமுணுக்கறாங்க."

"காலையில சாப்பிட்டாங்களா?"

யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருந்த ஒரு பெண் சொன்னார். "நான் வரக்கொள்ள எட்டு மணி. அப்பலேர்ந்து இங்கயேதான் குந்திகினு கீறாங்க. ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல."

"அப்படின்னா சர்க்கரை இறங்கிடுச்சு. இனிப்பு குடுங்க. முழுங்க முடியுதா பாருங்க. முடியுதுன்னா உடனே ஜூஸு, சர்க்கரைத் தண்ணி, எதுவா இருந்தாலும் குடுங்க. சீக்கிரம்!"

"சக்கரை இருக்கறவங்களுக்கா?" என்று கேட்டேன். நானேதான். மறுபடியும்.

"சார், அவங்க சக்கரை இருக்குன்னு சொல்லல. சக்கரை வேணும்னு கேக்கறாங்க!"

வாசகர்களே, நம் பாஷையில் நோய்க்கும் அதே பெயர், மருந்துக்கும் அதே பெயர். அந்த அம்மா கேட்டது ஒன்று. படித்தவன் புரிந்துகொண்டது நேர் எதிர். ஆட்டோக்காரரின் காலி பாட்டிலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மெஷினுக்கு ஓடினேன். அவசரத்தில் போன் பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகிவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே தேடுகிறேன். மோர்: சர்க்கரை சேர்க்கப்படாதது. பிஸ்கட்: சர்க்கரை சேர்க்கப்படாதது. சுண்டல், கடலை, தண்ணீர்... நான் எழுதி வாங்கிய பச்சை ஸ்டிக்கர்கள் வரிசையாக என்னையே பார்க்கின்றன. நாலு வரி எழுதி ஒரு கட்டிடத்தின் சர்க்கரையையே காலி செய்திருக்கிறேன்!

எதிரே இருக்கிற டீக்கடை அன்றைக்குப் பார்த்து மூடல். கடைக்காரர் வீட்டில் வளைகாப்பு. ஆட்டோக்காரர் சொல்லாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் பறந்தார்.

"ரெக்கார்டு ரூம்!" என்று சாந்தி மேடம் கத்தினார்.

பூட்டு. சாவி ரெக்கார்டு கிளார்க்கிடம். கிளார்க் லீவு. அலுவலக உதவியாளர் தலையைச் சொறிந்தார். "உடைச்சா எழுதிக் கேப்பாங்களே மேடம்..."

"கேட்டா நான் பதில் எழுதறேன். நீங்க உடைங்க."

இரண்டே அடி. நாதாங்கியோடு பெயர்ந்து வந்தது. பழைய பதிவேடுகளுக்கு நடுவே மூன்று அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பெரிய சிவப்பு ஸ்டிக்கர். மேடம் தன் நகத்தாலேயே டேப்பைக் கிழித்து ஒரு மாம்பழ ஜூஸை எடுத்தார். அரசுக் கட்டிடத்துக்கு ஆகாதது என்று அவரே கையெழுத்துப் போட்டு ஒதுக்கிய ஜூஸ்.

கஸ்தூரியை நிமிர்த்தி உட்கார வைத்து, மேடமே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். ஒரு வாய் உள்ளே போனது. இரண்டாவது வாய் தாடையில் வழிந்தது. மூன்றாவது... விழுங்கினார். நாலாவதுக்கு அவர் கையே வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து சர்வருக்கு உயிர் வந்து தொலைத்தது. டோக்கன் நகர ஆரம்பித்தது. முப்பது. முப்பத்தொன்று. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கவுன்டரிலிருந்து குரல்:

"முப்பத்தி நாலு!"

கஸ்தூரியின் கை மேலே போயிற்று. தலை இன்னும் நிற்கவில்லை, மேடத்தின் தோளில் சாய்ந்திருக்கிறது. கை மட்டும் நேராக, உயரமாக. "தோ கீறேன்... நான்தான்... ஆள் கீது சார்... ஆள் இல்லைனு போட்டுடாதீங்க..."

"ஆள் இருக்காங்க. பேப்பரை என் டேபிள்ல வைங்க" என்றார் சாந்தி மேடம்.

நர்ஸ் போனில் இன்னொன்றும் சொன்னார். "தெளிஞ்சதும் ஜூஸோட விட்டுடாதீங்க. மறுபடியும் இறங்கிடும். சுண்டல், பிஸ்கட் மாதிரி வயித்துல நிக்கறதா ஏதாவது சாப்பிட வைங்க." இப்போது என் மெஷினுக்கு வேலை வந்தது. சுண்டல் ஒன்று, கேழ்வரகு பிஸ்கட் ஒன்று. ஆக, முதலில் சிவப்பு ஸ்டிக்கர், அப்புறம் பச்சை ஸ்டிக்கர். கால் மணி நேரத்துக்குள் இரண்டுமே சரி. எனக்குத் தலை சுற்றியது.

ஆட்டோக்காரர் திரும்பி வந்தார், கையில் முழுசாக ஒரு கிலோ சர்க்கரையோடு. ஆம்புலன்ஸும் வந்தது. கஸ்தூரி தானாகவே நடந்து போய் ஏறினார். ஏறும் முன் மேடத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மேடம், என் பேப்பரு?"

"என் டேபிள்ல இருக்கு. இன்னைக்கு முடியும். நீங்க போங்க."

முடிந்தது. அன்று சாயங்காலமே.

எனக்குத்தான் முடியவில்லை. 'மெஷினில் மறுபடியும் ஜூஸ் வையுங்கள்' என்று உருகி உருகி ஒரு பத்தி எழுதினேன். அனுப்பும் முன் அந்த அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவருடைய குப்பத்துக்குப் போனேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொழுந்தன் கொண்டு வந்த இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வா சார். படகு என் பேருக்கு வந்துடிச்சி."

நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பத்தி எழுதியது, கலரைத் தடுத்தது, மெஷின் பக்கத்தில் பல் தெரிய நின்றது. கடைசியில், "அந்த மெஷின்ல மறுபடியும் ஜூஸ் வைக்கச் சொல்லி எழுதியிருக்கேன்மா" என்றேன்.

கஸ்தூரியின் கை நின்றது.

"வாணாம் சார். அத்த மட்டும் எழுதாதீங்க."

"ஏம்மா? அன்னைக்கு அதுதானே உங்களைக் காப்பாத்துச்சு?"

"எங்க வூட்டுக்காரு சாராயம் தொட்டதில்ல சார். ஊரே சொல்லும், தங்கமான மனுசன்னு. கரைக்கு வந்தா கலரு. வெயிலுக்கு ஒண்ணு, பசிக்கு ஒண்ணு. குடிகாரன்னா நான் சண்டை போட்டிருப்பேன். கலருக்கு யாரு சார் சண்டை போடுவா? ஒரு நாள் கெளுத்தி மீனு முள்ளு கால்ல ஏறிச்சி. எத்தினி வாட்டி ஏறியிருக்கும்! இந்த தபா ஆறல. ஆஸ்பத்திரில பாத்தா சக்கரை ஏறிக் கெடக்குது. மொதல்ல வெரலை எடுத்தாங்க. அப்பால காலை. அப்பால..."

மறுபடியும் இறாலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"எனக்கும் கீதுன்னு அப்பத்தான் பாத்தாங்க. நீ மொதல்ல எழுதனியே, அதான் சார் சரி. அன்னிக்கு நான் ஊசி போட்டுகினு சாப்டாம வந்தது என் தப்பு. எட்டு மணிக்கே வந்து குந்திட்டா, ஆபீசு தொறந்ததும் முடிச்சிகினு திரும்பிடலாம், வூட்ல போய்ச் சாப்டலாம்னு நெனச்சேன். வயித்துப் பசியைவிட டோக்கனு பெருசாப் போச்சி."

ஜூஸ் இல்லாததால் சாகப் பார்த்தவர் ஜூஸ் வேண்டாம் என்கிறார். ஜூஸ் வேண்டாம் என்று எழுதியவன் வேண்டும் என்கிறேன். திரும்பி வரும்போது பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினுக்கு உள்ளே எவ்வளவு சர்க்கரை இருக்கலாம் என்று விதி எழுதியாயிற்று. மெஷினுக்கு வெளியே ஒரு மனுஷி எத்தனை மணி நேரம் பட்டினியாக உட்காரலாம் என்று யாராவது எழுதினார்களா? நான் எழுதினேனா? என் கண்ணுக்கும் மெஷின்தானே தெரிந்தது!

அந்தப் பத்தியை அனுப்பவில்லை. சாந்தி மேடத்திடம் மட்டும் கஸ்தூரி சொன்னதைச் சொன்னேன். அவர் இரண்டு காரியம் செய்தார். சாப்பிடவோ மருந்து போட்டுக்கொள்ளவோ வெளியே போகிறவர்கள் கவுன்டரில் சொல்லிவிட்டுப் போகலாம், டோக்கன் செத்துப்போகாது. இது ஒன்று. மெஷினின் கடைசி வரிசையில் மட்டும் நாலு மாம்பழ ஜூஸ், 'தலைசுற்றல், மயக்கம் வருபவர்களுக்கு மட்டும், இலவசம்' என்ற சீட்டோடு. இது இரண்டு.

முதல் காரியம் நன்றாக நடக்கிறது. இரண்டாவது?

"ஒரே நாள் சார். மதியத்துக்குள்ள காலி."

"அத்தனை பேருக்கா மயக்கம்?"

"ஒருத்தருக்கும் இல்ல. மயக்கமா இருக்கறவங்க எங்க சார் பட்டனைத் தேடிப் போய் அமுக்கறாங்க? நல்லா இருக்கறவங்கதான் குடிச்சாங்க."

எனவே ஜூஸ் மெஷினிலிருந்து மேடத்தின் மேஜைக்கு வந்தது. கூட்டம் அதிகம் வருகிற செவ்வாய்க்கிழமைகளில் சுகாதார நிலையத்து நர்ஸும் மீட்டரோடு வந்து உட்காருகிறார். தலை சுற்றுகிறது என்று யார் வந்தாலும் முதலில் விரல் நுனியில் ஒரு குத்து. சர்க்கரை இறங்கியிருந்தால்தான் ஜூஸ். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை போயிருந்தேன். மேடத்தின் அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். படகோட்டுகிறவர் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். ஒரு விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மெஷின் முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, ஜூஸ் குடுக்கலையா?" என்றேன், கொஞ்சம் கிண்டலாக.

"சொம்மா சொன்னேன் சார், தல சுத்துதுனு. ஓசியில ஒரு ஜூஸு குடிக்கலாமேனு. குத்திப் பாத்துட்டு... எனக்கு நெறைய கீதாம் சார். ரொம்ப நாளாவே இருந்திருக்குமாம். எனக்குத் தெரியவே தெரியாது சார்."

கண்ணாடிக்கு உள்ளே இருந்த பச்சை ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படித்தவன் மாதிரி தெரிந்திருப்பேன் போல.

"இப்ப இதுல நான் இன்னா சார் சாப்டலாம்?"

வாரா வாரம் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கருத்து சொல்கிறவன் நான்.

"எனக்குத் தெரியலைங்க. வாங்க, உள்ள போய் நர்ஸம்மாவையே கேப்போம்" என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

இந்த விஷயத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.